கோள் இல்லை, போண்டா உண்டு

மயிலாப்பூர்
21-7-1997

அன்புள்ள மாளவிகாவுக்கு அம்மா எழுதுவது. கபாலி புண்ணியத்தில் இங்கே நாங்கள் சௌக்கியம், உன் அப்பாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் அடங்கியிருந்தது, இப்போது அதுவும் சரியாகிவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கு.

ஒரு கிழட்டு நட்சத்திரம் ஊதிப் பெருத்துக் கிடக்கிறது, அது ஆடுவதைப் பார்த்தால் உரசாத குறையாக ஒரு கோள் சுற்றி இழுக்கிறது போலிருக்கிறது, இன்னும் உறுதியில்லை என்று போன மாதம் எழுதினாய் இல்லையா, அப்பா அந்தக் கடைசி வரியை மட்டும் படிக்கவில்லை. ராஜகோபாலன் பெண் கோள் கண்டுபிடித்தாள் என்று லஸ்ஸிலிருந்து அடையாறு வரை தெருத் தெருவாகக் கோள் சொன்னார். அர்ச்சனைக்கு என்ன நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டதற்கு உன் ரேவதியை விட்டுவிட்டு அந்தக் கிழத்தின் நம்பரைச் சொன்னாராம். அபிராமபுரம் நலச்சங்கச் செயலாளர் முருகையன் உடனே பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டார், துணியில் பெரிதாக உன் பேர், ரோஜா மாலை, போண்டா, காபி எல்லாம்.

கூட்டத்துக்கு முதல் நாள்தான் நீ போனில் அழுதாய். நட்சத்திரம் ஆடுவது கோள் இழுத்து அல்ல, அதன் மேலிருக்கும் கரும்புள்ளிகள் சுற்றி வருவதால் அப்படித் தெரிந்திருக்கிறது, நானே பார்த்துப் புரொபசரிடம் சொல்லிவிட்டேன், மானம் போயிற்று, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன் என்றாய். அந்த வயசில் உடம்பில் புள்ளி வருவதற்கு நீ ஏன்டி அழ வேண்டும்? அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்றும் சொல்லாதீர்கள், மாலையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அபிராமபுரத்திலிருந்து யார் அங்கே எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். கேட்கவில்லை.

மேடையில் முருகையன் அவரைக் கோளுக்கே தாத்தா என்று அறிமுகம் செய்தார். அப்பா மைக்கைப் பிடித்து, "அங்கே கோளே கிடையாது. இருக்குன்னு நினைச்சவளும் எம் பொண்ணுதான், தோண்டித் துருவி இல்லைன்னு கண்டுபிடிச்சவளும் அவதான். வேற ஒருத்தர் வந்து சொல்லட்டும்னு அவ காத்துண்டிருக்கலை. நான்தான் அவசரக்குடுக்கை" என்றார். கூடத்தில் எல்லோரும் துணியில் இருந்த உன் பேரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் மைக் செட்காரர் ஷரஃபுதீன், "அப்ப போண்டாவாச்சும் கீதா, அதுவும் இல்லியா சார்?" என்று கேட்டார் பார், சிரிப்பில் கூரை பிய்ந்துகொண்டது. முருகையன், "கட்டின மாலை, போட்டுட்டே போங்க" என்று போட்டும் விட்டார். நான் மூன்று போண்டா சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து மனிதர் ஒரு சாத்துக்குடியில் மை வைத்துக்கொண்டு நாகேஸ்வரராவ் பூங்காவிலும் சுற்றுத் தெருக்களிலும், நட்சத்திரம் உன்னை எப்படி ஏமாற்றப் பார்த்தது, நீ எப்படிப் பிடித்தாய் என்று போவோர் வருவோருக்கெல்லாம் உருட்டிக் காட்டுகிறார். கோள் இருந்தபோதுகூட இவ்வளவு தெரு சுற்றவில்லை. அதனால் இங்கே மானம் போகவில்லை, நீ வருவதாயிருந்தால் லீவுக்கு வா, ஓடிவராதே.

உனக்கு நல்ல கண்ணும் நல்ல பசியும் என்றைக்கும் நிலைக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, அப்பாதான் எடுப்பார். அவர் குரல் கம்மினால் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
பங்கஜம்