நஞ்சன்கூட்டில் கேட்ட காய்

மைசூர்,
16-11-1994

மகேஸ்வரியின் அப்பாவுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு கோயிலுக்குப் போனது நான், மகேஸ்வரி, குழந்தை மனிஷா, மூன்று பேர். மாப்பிள்ளைக்கு அன்று ஷிஃப்ட். ஆண் துணையில்லாமல் வெளியே போகாதே என்று நீங்கள் எழுதிய கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

கோயில் வாசலில் பூக்காரம்மா, "காயி பேக்கா அம்மா?" என்றாள்.

"காயெல்லாம் வீட்ல இருக்குது, பூ மட்டும் குடு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மகேஸ்வரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மா, இங்க காயின்னா தேங்காய். சாமிக்கு என்ன, கத்தரிக்காயா உடைப்பாங்க?"

தேங்காய் வாங்கி, உங்கள் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம். மறுநாள் நான் தனியாகவே மார்க்கெட்டுக்குப் போய், "தரகாரி" என்று சரியாகக் கேட்டுக் காய்கறி வாங்கி வந்தேன்.

ஆகையால், பாஷை தெரியாத ஊரில் நான் கஷ்டப்படுவதாக நினைத்து, என்னை அழைத்துவர உங்கள் தம்பியை அனுப்ப வேண்டாம். வந்தால் சாப்பாடு போடுவேன். திரும்புவது அவர் மட்டும்தான். நான் கிளம்பினால் குழந்தையைப் பார்க்க ஆளில்லாமல் மகேஸ்வரி டீச்சர் வேலையை விட வேண்டியிருக்கும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடும்வரை இங்கேதான் இருப்பேன்.

புது வருஷத்துத் தமிழ் காலண்டர் ஒன்று தபாலில் அனுப்புங்கள். பகலெல்லாம் நான் தமிழ் பேசுவது மனிஷாவிடம்தான். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

குழந்தை எழுந்துவிட்டாள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

நாகரத்தினம்