விபூதிச் சம்புடத்தில் பூந்தூள்

என் கோமதி மைனிக்கு,

அண்ணனும் நானும் பத்து மாதம் பேசாமல் இருந்தோம் என்று அங்கே உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த மாதிரிச் சங்கதியை எல்லாம் உங்கள் காதில் போடுகிற ஆள் நான்தானே.

தப்பு என்னுடையதுதான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். "ரெண்டு நாளா நெஞ்ச அடைக்குன்னு மைனி சொல்லிச்சே, வாய்வுன்னு இஞ்சிச் சாறு குடுத்துக்கிட்டு இருந்தியே, ஒரு ஆட்டோவக் கூப்பிட ஒனக்குத் தோணலயா?"

அண்ணன் கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அன்றோடு சரி. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? பேசி முடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வரும்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுக்க மாட்டான். ஆனால் உங்கள் டிராகன் பழச் செடியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் வைப்பான். மொட்டு விட்டது, பூத்தது, உதிர்ந்தது. ஒரு வார்த்தை எழுத மாட்டான், வெறும் படம்தான். நான் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் இருக்கும் பாளையங்கோட்டைக்கும் நான் இருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே எங்கள் உறவு அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

மணிமுத்தாறு அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ரோட்டோரம் ஒருவர் டிராகன் கள்ளிக் குச்சிகள் விற்றுக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? உள்ளே சிவப்பாகப் பழுக்கும் ஒன்று, வெள்ளையாகப் பழுக்கும் ஒன்று. ஈரச் சேலையோடு நின்றுகொண்டு சிவப்பைச் சட்டென்று எடுத்துக்கொண்டீர்கள். வெள்ளையை என் கையில் திணித்து, "நீ இத வச்சுக்கோ, உன் நிறத்துக்கு இதுதான் எடுக்கும்" என்று சொன்னீர்கள். என் நிறத்தை வைத்து அப்படி ஒரு கேலி!

என் வெள்ளை இரண்டாம் வருஷமே காய்த்தது. உங்கள் சிவப்போ மூன்று வருஷம் பூத்துப் பூத்து உதிர்ந்தது. புளித்த மோர் ஊற்றினீர்கள், அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினீர்கள். கடைசியில் எலுமிச்சம் பழத்தைக் கட்டிவிட்டு, "சில பேரு கண்ணு அப்படி" என்று ஜாடை பேசினீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை மைனி. நீங்கள் போன பிறகு ஒருநாள் உரம் வாங்கப் போன இடத்தில், பேச்சுவாக்கில் உங்கள் செடியைப் பற்றி நர்சரிக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். "சிவப்புல சில வகை அப்படித்தாம்மா. அதோட பூந்தூளு அதுக்கே சேராது. வேற செடிப் பூவுல இருந்து எடுத்துத் தடவி விடணும்" என்றார். மூன்று வருஷமாக நீங்கள் தேடியது என் வீட்டு மாடியில் இருந்திருக்கிறது. நாம் இருவரும் அந்தக் குச்சிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோம்.

அண்ணன் மறுபடியும் ஸ்டேட்டஸில் மொட்டுப் படம் போட்டான். அந்த வாரம் என் வெள்ளை பூத்தது. இருட்டியதும் மாடிக்குப் போய்ப் பூந்தூளை ஒரு தாளில் தட்டி எடுத்து உலர்த்தினேன். மூடி இறுக்கமான டப்பா வேண்டுமே! கையில் கிடைத்தது எவர்சில்வர் விபூதிச் சம்புடம்தான். அதில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, பாளையங்கோட்டைக்கு வேலையாகப் போன எங்கள் வீட்டுக்காரரிடம் மறுநாள் கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை இரண்டு தடவை ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்பினேன். துண்டுச்சீட்டு எழுதவில்லை. என் கையெழுத்தைப் பார்த்தால் தூக்கி எறிந்துவிடுவானோ என்ற பயம்.

இவர் போனபோது அண்ணன் குளித்துக்கொண்டிருந்தானாம். உள்ளிருந்தே, "அங்கன வச்சிட்டு இரிங்க மாப்ளே, வந்திருதேன்" என்று சத்தம் கொடுத்திருக்கிறான். இந்த மகராசனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விபூதிச் சம்புடத்தை வேறு எங்கே வைப்பார்? ஒப்பித்ததில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மத்தியானம் என் போன் அடித்தது. அண்ணன்! பத்து மாதம் கழித்து!

"ஏட்டி, எந்தக் கோயில் சந்தனம்ட்டி இது? நெத்தியெல்லாம் ஊறலெடுக்கு!"

மஞ்சள் தூளைக் கோயில் சந்தனம் என்று நினைத்து, தண்ணீரில் குழைத்துப் பட்டையாகப் பூசிக்கொண்டு, சம்புடத்தையும் பையில் போட்டுக்கொண்டு கங்கைகொண்டானுக்குக் கம்பெனி பஸ்ஸில் போயிருக்கிறான் மைனி. "அண்ணாச்சி, சந்தனம் ஜம்முன்னு இருக்கு" என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டு வாங்கி அவரும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாராம். இப்போது இரண்டு பேரும் சொறிந்துகொண்டிருக்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. "அது சந்தனம் இல்லண்ணே. மைனி செடி காய்க்கிறதுக்கு" என்று விவரம் சொன்னேன்.

பிறகு பைய கேட்டான். "டப்பால கொஞ்சம் மிச்சம் கெடக்கு. நாளைக்கு மூணு பூ விரியும். எங்கன தடவணும்னு எனக்குத் தெரியாதுட்டி. நீ வாரியா?"

எங்கே தடவ வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். அவனும் கேட்டிருக்கலாம். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எட்டரை மணிக்கெல்லாம் மூன்றும் விரிந்துவிட்டன. சாமி படங்களில் தூசி தட்ட நீங்கள் வைத்திருந்த சின்ன பிரஷை அண்ணன் எடுத்து வந்தான். அவன் செல்போன் வெளிச்சம் காட்ட, நான் பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த தண்டின் நுனியில் பூந்தூளைத் தடவினேன். மூன்றாவது பூவைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு பந்தியில நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னய மன்னிச்சிரு."

அவன் வெளிச்சத்தை நகர்த்தவில்லை. "நீ ஒரு தடவதான் கேட்ட. நான் தெனமும் என்னயக் கேட்டுக்கிட்டு இருக்கேன். வாய்வுன்னுதான்ட்டி நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்." அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். உங்கள் காரியத்தின்போதுகூட அவன் அழவில்லை. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பூ உதிர்ந்துவிட்டது. ஒன்று நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் தினமும் அதன் போட்டோ வந்தது, ஸ்டேட்டஸில் அல்ல, எனக்கே. இன்று சாயங்காலம் அறுத்தோம். உள்ளே பீட்ரூட் தோற்றுப்போகும் நிறம். முதல் துண்டை உங்கள் படத்தின் முன் வைத்தோம். அண்ணன் ஒரு வாய் தின்றுவிட்டு, "இனிப்பு கொஞ்சம் கம்மிதான்" என்றான். "மைனி இருந்தா இப்படிச் சொல்லிருவியா?" என்று கேட்டேன். உதட்டுச் சிவப்போடு சிரித்தான். நீங்கள் தின்ன வேண்டிய பழம் மைனி.

என் வெள்ளையிலிருந்து ஒரு குச்சி கொண்டுபோய் உங்கள் சிவப்புக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டேன். அது வேர் பிடித்துப் பூத்துவிட்டால் பிறகு அண்ணனே தடவிக்கொள்வான், என் சம்புடம் வேண்டியிருக்காது.

ஆனாலும் நான் வருவேன் மைனி. மொட்டே வைக்காத மாதங்களிலும் அந்த நாலு மணி பஸ்ஸில் வருவேன். அவன் நெஞ்சில் கையை வைத்தால் வாய்வா என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், ஆட்டோவைக் கூப்பிடுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கண் போடாத உங்கள் நாத்தனார்,
காந்திமதி