வெள்ளை விரிப்பில் கரும்புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஓட்டல் சலவைக்கூடத்தில், துவைத்து வரும் படுக்கை விரிப்புகளில் கறை இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் வேலை? போன வாரம் எதை விரித்தாலும் கரும்புள்ளி. ஒரு வண்டி நிறைய மறுபடி துவைக்க அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா வந்து பார்த்துவிட்டு, "துணியெல்லாம் பளிச்சுன்னுதான் இருக்கு. கறை உன் கண்ணுலதான், போய்க் காட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மிதக்கும் புள்ளிகள் பலருக்கும் வருவதுதான், பயமில்லை என்றார் கண் டாக்டர். ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதாம். கிளாக்கோமா. வலிக்காதாம். ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம், போனது திரும்பாதாம். எனக்கு ஆரம்பம்தான், தினமும் சொட்டு மருந்து விடுகிறேன். கவலைப்படாதீர்கள்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான், பக்கத்தில் வைத்த தம்ளரை நீங்கள் தட்டிவிடுவதும் அம்மா திட்டுவதும் ஞாபகம் வந்தன. தங்கையோடு போய்க் கண் அழுத்தம் பாருங்கள்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் கிளம்பிய அன்று, உங்களுக்குப் பக்கவாட்டில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நீங்கள் நேரே பார்த்தபடி நின்றீர்கள். சொல் பேச்சு கேட்காமல் போகிறாளே என்ற கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது கோபம்தான் என்று ஒரு வரி எழுதுங்கள், அப்பா.

உங்கள் மூத்தவள்