பக்கத்து வீட்டுக்காரர்

அன்புள்ள அப்பாவுக்கு,

விடுதி அறை வசதியாக இருக்கிறது. சாப்பாடும் பரவாயில்லை. இதைச் சொல்லவா காகிதம் எடுத்தேன்?

கல்லூரிச் சேர்க்கை நேர்காணலன்று நீங்கள் என் சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே பேராசிரியை, "வக்கீலாகணும்னா சட்டம் படி, நடுவுல எதுக்கும்மா வரலாறு?" என்றார். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார்கள் என்று துருவிப் பார்க்க வரலாறு பழக்கும், வக்கீலுக்கு அதுதான் முதலில் வேண்டும் என்றேன். கிடங்கில் சரக்கு காணாமல் போனதையும், விசாரிக்காமலேயே ஒரு காவலாளிக்குத் திருட்டுப் பட்டம் கட்டி வெளியே அனுப்பியதையும் சொன்னேன். "யாரும்மா அவரு?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன், அப்பா.

பிறகு உங்களையும் உள்ளே அழைத்தார். "திருட்டுப் பட்டம் வாங்கின பக்கத்து வீட்டுக்காரருக்காக உங்க பொண்ணு எப்படித் துடிக்கிறா பாருங்க!" என்றார். நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் தயங்கவே இல்லை. "ஆமாங்க, பாவம், நல்ல மனுஷன்" என்றீர்கள். திரும்பும்போது பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

இன்று வகுப்பு முடிந்ததும் பேராசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட சொல்லிட்ட, சரி. அப்பாகிட்ட என்ன சொன்ன?" என்றார். நேராக அறைக்கு வந்து இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அப்பா. அந்தக் காவலாளி என் அப்பாதான், அவருக்காகத்தான் சட்டம் படிக்கப் போகிறேன் என்று அறைத்தோழிகளிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எனக்குத்தான் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகள்