பேத்தியின் பிளம்பர்

மன்னாரில் இருக்கும் என் ரீச்சர் மனிசிக்கு,

எழுதத் தெரியாதவன் என்பதால் போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. இங்கே வெளிநாட்டில், மல்கிரேவில் மகள் வீட்டில் எல்லோரும் சுகம். மகள் மட்டும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பேத்தி ஒரு வெள்ளைக்காரப் பெடியனைக் கட்டப்போகிறாளாம். பிளம்பர். போன வருடம் ஒரு சூடான்காரப் பெடியனைக் கூட்டி வந்தாள், அவன் இவளைப் போலவே டொக்டர். அப்போது மகள், "படிப்பு இருந்தாக் காணுமே? நிறத்தைப் பாரடி," என்றாள். இப்போது, "நிறம் இருந்தாக் காணுமே? படிக்காதவனோட என்னத்தையடி கதைப்பாய்?" என்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மகளும் பார்த்தாள். "ஐயோ அப்பா, நான் உங்களைச் சொல்லேல்லை."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

எங்கள் கலியாணத்தன்று நீ கையெழுத்து வைத்தாய், நான் பெருவிரல் வைத்தேன். பாதர் துணி தேட, நீ உன் வெள்ளைச் சேலைத் தலைப்பிலேயே என் விரல் மையைத் துடைத்துவிட்டாய்.

நாளைக்கு மகள் போன் எடுத்து, இந்தக் கலியாணம் சரியோ என்று உன்னிடம் கேட்பாள். நீ வேண்டாம் என்றால் பேத்தி அவனை விட்டுவிடுவாள். என்ன சொல்வதென்று நீயே யோசி. ஆனால் படிக்காதவனோடு என்னத்தைக் கதைப்பது என்று மகள் கேட்டால், அதற்கு என்ன சொல்லப்போகிறாய்? அதை முதலில் எனக்குச் சொல்லு.

பதில் பார்த்திருக்கும்
உன் மனிசன்