அக்காவின் டீயில் இரண்டு சொடுக்கு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் குட்டி இப்போதுதான் தூங்கினாள். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டைக்கு நிற்போம், அதனால்தான் கடிதம்.

கிளம்பிய அவசரத்தில் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக நீ போடுகிற இனிப்பு மாத்திரை டப்பாவை என் சமையலறையிலேயே விட்டுவிட்டாய். நேற்று குட்டி அதை எடுத்து, மேலே டக்கென்று அழுத்தி, விழுந்ததை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அப்படி என்னதான் அது என்று ஒன்றை நானும் நக்கிப் பார்த்தேன். சீ! பேட்டரி முனையில் நாக்கை வைத்து அதன்மேல் ஷாம்பு ஊற்றின மாதிரி. பல் தேய்த்தும் போகவில்லை, சோறு இறங்கவில்லை. இதையா தினமும் நாலு வேளை குடிக்கிறாய்? சர்க்கரை நோய் வந்தால் நாக்கும் செத்துப்போகுமா?

இதைப் பற்றி நெட்டில் எழுதியிருப்பதைப் படித்தால் உனக்குத் தூக்கமே வராது. வெள்ளைச் சர்க்கரையை நான் எப்போதோ வீட்டைவிட்டுத் துரத்தியாயிற்று. இது அதைவிடக் கேடு. தயவுசெய்து விட்டுவிடேன். என் வீட்டில் இருந்த பத்து நாளும் நன்றாகத்தானே இருந்தாய்?

உன் சின்னவள்

மார்ச் 9

அடி சின்னவளே,

டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வை. அதற்காக ஊரில் உள்ள பயத்தையெல்லாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. என் டாக்டரைக் கேட்டேன். "நாலு டீக்குப் போடறதுல ஒண்ணும் ஆகாதும்மா. ருசியா இருக்கான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றார். ருசி கேவலம்தான், ஒப்புக்கொள்கிறேன். உன் வீட்டில் மட்டும் அதே மாத்திரை எப்படி அவ்வளவு நன்றாக இருந்தது? நீ இஞ்சி தட்டிப் போடுகிற கைராசி போல.

இன்னொன்று. உன் வீட்டிலிருந்து வந்த மறுநாள் ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. "ஒளிச்சு ஒளிச்சு ஸ்வீட் சாப்பிட்டுட்டு எங்கிட்ட பொய் சொல்றீங்களா?" என்று நர்ஸ் முன்னாலேயே டாக்டர் கேட்டுவிட்டார். கூனிக்குறுகிப் போனேன். சர்க்கரை நோய் மருந்தை இரண்டு மடங்கு ஆக்கியிருக்கிறார்.

நீயே சொல், உன் டீயைத் தவிர இனிப்பென்று எதைத் தொட்டேன்?

பெரியவள்

மார்ச் 15

அக்கா,

முதலில் அந்த டாக்டரை மாற்று.

கோபப்படாமல் படி. உன் டீயில் நான் மாத்திரை போடவில்லை. நீ ஹாலிலிருந்து "ரெண்டு போடுடி" என்பாய். டப்பாவை அழுத்துவேன், டக், டக் என்று இரண்டு சொடுக்கு உனக்குக் கேட்கும். இரண்டு மாத்திரையும் சிங்க்கில் விழும். டம்ளரில் இரண்டு ஸ்பூன் தேன் ஊற்றுவேன். சுத்தமான தேன், அக்கா. பூவிலிருந்து வருவது. விஷத்தையா ஊற்றினேன்? அதனாலெல்லாம் சர்க்கரை ஏறாது, வேறு ஏதோ காரணம் இருக்கும். தெரிந்தே அந்த ரசாயனத்தை உனக்குக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

சின்னவள்

மார்ச் 22

சின்னவளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

மருந்து இரண்டு மடங்கு, டீயில் உன் தேன் இல்லாமல் பழையபடி என் இனிப்பு மாத்திரை; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை வேலையில், அச்சகத்து மெஷினில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, அப்புறம் தரைதான் தெரிந்தது. கத்தி இறங்குவதற்குள் பக்கத்து மெஷின்காரி சுவிட்சை அணைத்துவிட்டாள். விரல்கள் இருக்கின்றன. அரை நினைவில் கிடந்தவளின் கன்னத்துக்குள் டீ மேசைச் சர்க்கரையை அள்ளித் தேய்த்து, "முழுங்குடி, முழுங்கு!" என்று கத்தினாள். நீ துரத்தியடித்த அதே வெள்ளைச் சர்க்கரைதான். அதில்தான் எழுந்தேன்.

காலேஜில் வேதியியல் படித்தவளே, தேனும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். உன் கடிதத்தைக் காட்டியதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு பழைய அளவையே எழுதிக் கொடுத்தார்.

ஆனால் எனக்குக் குமட்டுவது தேன் இல்லை, அந்தச் சொடுக்கு. எனக்குக் கேட்க வேண்டும் என்றே அழுத்தினாய் பார், அதுதான். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிக்கா இருக்கு?" என்று வேறு கேட்டாய். இப்போது யார் டம்ளரை நீட்டினாலும் முகர்ந்து பார்க்கிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

குட்டியின் பிறந்தநாளுக்கு நான் வரவில்லை.

பெரியவள்

மார்ச் 27

அக்கா,

நாலு தாள் எழுதிக் கிழித்தேன். நாலும் "உன் நல்லதுக்காகத்தான்" என்றே தொடங்கின. படிக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தத் தேன் பாட்டிலைத் தொட முடியவில்லை. மூடியைச் சுற்றி வழிந்து பிசுபிசுவென்று இருக்கிறது, அதில் எறும்புகள் ஒட்டிச் செத்திருக்கின்றன. கையை எத்தனை தடவை கழுவினாலும் ஒட்டுகிற மாதிரியே இருக்கிறது.

குட்டி இப்போது பொம்மைச் சாமானில் டீ போடுகிறாள். டம்ளரை நீட்டுவதற்கு முன் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, நாக்கைத் தட்டி "டக், டக்" என்கிறாள். அப்புறம் திரும்பி, சிரித்து, "குடிம்மா, எப்படி இருக்கு?" என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். அது வெறும் டம்ளர்தான் அக்கா. என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

உன் டப்பா மேல்தட்டில் இருக்கிறது, அவளுக்கு எட்டாது. பக்கத்திலேயே ஒரு பொட்டலம் வெள்ளைச் சர்க்கரையும் வாங்கி வைத்திருக்கிறேன், உனக்குத் தலை சுற்றினால் உதவும். நீ வந்தால் உன் டீயை நீயே போட்டுக்கொள். அப்போது நான் சமையலறைக்குள்ளேயே வரமாட்டேன்.

வராவிட்டாலும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

சின்னவள்