மஞ்சளோடு நின்ற தக்காளி

சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல்களில் தக்காளி இலையின் வாசனை போகவில்லை. இன்று காலை என் வீட்டு மாடியில் நாற்றுகளைத் தொட்டி மாற்றி வைத்தேன். எல்லாம் நீ கடைசியாகப் பறித்த அந்தக் காயிலிருந்து வந்தவை. அதை ஏன் பறித்தாய் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நம் தீவில், சிப்பிகாட் விவசாயப் பண்ணையில் நாம் இருவரும் ஒரே பாத்தியில் குனிந்து நிமிர்ந்த காலத்தில் உனக்கு ஒரே புலம்பல்தான். சென்னையிலிருந்து கப்பலில் வரும் பெட்டிகளில் அடித்தட்டுத் தக்காளி கூழாகிவிடும். உன் வீட்டுக்காரரின் காய்கறிக் கடையில் அதை வைத்துத் தினமும் சண்டை. "மெயின்லேண்ட் தக்காளிக்குக் கடல் ஒத்துக்கலடி. வாந்தி எடுத்துட்டே வருது" என்பாய். அதற்காகத்தான் பழுக்கவே பழுக்காத ஒரு ரகத்தை நம் ஊர்த் தக்காளியோடு மகரந்தம் சேர்த்துக் கலப்பினமாக்கினாய்.

பழம் மெத்தென்று ஆக ஒரு மரபணு உத்தரவு கொடுக்க வேண்டும். அப்போதுதான் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதிகள் சுரக்கும். பழுதான மரபணு தாய், தந்தை இரண்டில் ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் பழம் நிதானமாகச் சிவக்கும், கப்பலையும் தாங்கும். இரண்டு பக்கமிருந்தும் பழுதாகவே வந்தால் மஞ்சளோடு நின்றுவிடும், மெத்தென்று ஆகவே ஆகாது. முதல் வகைச் செடிகளுக்கு நீல நாடா கட்டினாய், இரண்டாவதற்குச் சிவப்பு. காயாக இருக்கும்போது நாடாவைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்.

காய்ச்சல் விடாமல், சிகிச்சைக்குச் சென்னை புறப்பட்ட அன்று ஒரு காயைக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரரிடம் கொடுத்தாய். மெத்தென்று ஆவதை இங்கே எல்லோரும் இந்தியில் நரம் என்றுதானே சொல்வோம். நீயும் அப்படித்தான் சொன்னாய். "இது நரம் ஆகறதுக்குள்ள வந்துடுவேன். சேர்ந்து சாப்பிடலாம்."

நீ வரவில்லை. காயும் மஞ்சளோடு நின்றுவிட்டது. நான் கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "தேக்கோ தங்கச்சி, பாரு, இன்னும் நரம் ஆகல" என்பார். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மனிதரின் முகத்தில் அப்போது மட்டும் ஒரு தெளிவு. அது சிவப்பு நாடாச் செடியின் காய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

காய்ச்சலில் கைதவறிப் பறித்தாயா? நாடா கட்டியவளே நீ, உனக்கா தவறும்? வழக்கம்போல் அவரிடம் விளையாடினாயா? இல்லை, திரும்ப மாட்டோம் என்று தெரிந்து, கெடு முடியாத ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டுப் போனாயா? ஒரு நாள் உன்மேல் பாசம் பொங்குகிறது. மறுநாள், அந்த மனிதரை இப்படிக் காக்க வைத்துவிட்டாயே என்று ஆத்திரம் வருகிறது.

போன மாதம் தோல் சுருங்கத் தொடங்கியதும் அவரே கேட்டார். "நீ இதுலயே வேலை பாக்குறவ. சச் சொல்லு, மறைக்காத, இது எப்ப நரம் ஆகும்?"

"ஆகாதுண்ணே. இந்த ஜாதி ஆகவே ஆகாது."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே."

அவர் காயோடு கத்தியையும் என் பக்கம் தள்ளினார். வெட்டினேன். சதை அப்போதும் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே விதைகள் முளைவிட்டு, வெள்ளை வேர்கள் சுருண்டு கிடந்தன. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுங்களாவது பழுக்குமா?" என்று கேட்டார்.

அந்தத் தாய்ச்செடியின் சொந்த மகரந்தமே விழுந்திருந்தால் பழுக்காது. பக்கத்து வரிசையிலிருந்து தேனீ எதையாவது கொண்டுவந்திருந்தால் பழுக்கலாம். அதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் தலையாட்டி, "அப்ப எனக்கு ஒண்ணு குடு" என்றார்.

நாளை ஒரு தொட்டியைக் கடைக்குக் கொண்டுபோகிறேன். நாடாச் சுருள் இரண்டும் என் பையில்தான் இருக்கின்றன. எதைக் கட்டுவதென்று தெரியாமல் செடியை வெறுமனே விட்டிருக்கிறேன்.